வாத்தியார் சொன்னால் சாமி

யாரும் முனிவேலின் கழுத்தில் கத்தி வைத்துக் கேட்கவில்லை. அவனாகத்தான் எழுந்தான், அவனாகத்தான் சொன்னான். ஏரிக்கரைத் தெருவின் நாற்பத்திரண்டு வீட்டுச் சனமும் தகரக் கொட்டகைக் கோயிலுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. வெள்ளை வேட்டியின் நுனியைக் கையில் பிடித்தபடி சுரேந்தர் நின்றிருந்தார். இவன் நடுவில் போய் நின்று அறிவித்தான்.

“ஆஞ்சப்பன் வாத்தியார நான் கூட்டியாறேன். அவரு பம்பையடிச்சு சாமிய அழைக்கட்டும். உங்க வீட்டம்மா மேலயும் அழைக்கட்டும், எங்கக்கா மேலயும் அழைக்கட்டும். எது ஆத்தா, எது வேஷம்னு அவரு வாயால சொல்லட்டும். அவரு சொல்றதுக்கு இந்தத் தெரு கட்டுப்படும்.”

சுரேந்தர் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. “ஆகட்டும்ப்பா. எல்லாம் ஆத்தா சித்தம்” என்று கும்பிட்டார். அவர் அவ்வளவு சுலபமாக ஒத்துக்கொண்டதைப் பார்த்து, ஆள் பயந்துவிட்டார் என்று முனிவேல் நினைத்தான். இப்படிப்பட்ட புத்திசாலிகளை நம்பித்தான் நம் நாட்டில் பல தெருக்கள் இருந்த இடம் தெரியாமல் போகின்றன.

அந்தத் தெரு மத்திகிரியைத் தாண்டி, ஏரிப் புறம்போக்கில் இருந்தது. இருபத்தைந்து வருடங்களுக்கு முன்னால் ஊத்தங்கரை, சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து அடுத்தவன் காட்டில் கூலிக்கு மாரடித்துச் சலித்தவர்கள் ஓசூர் கம்பெனிகளுக்கு வேலைக்கு வந்தார்கள். வாடகை கட்டுப்படியாகாமல் ஏரியோரம் குடிசை போட்டார்கள். குடிசை ஓட்டு வீடானது, ஓட்டு வீடு மாடி வீடானது. கரண்ட் வந்தது, ரேஷன் கார்டு வந்தது, ஓட்டுக் கேட்டு எல்லாக் கட்சியும் வந்தது. பட்டா மட்டும் வரவில்லை.

ஊரிலிருந்து அவர்கள் கொண்டுவந்தது ஒரு பிடி மண். சொந்த ஊர் அங்காளம்மன் கோயிலில் எடுத்த பிடிமண்ணைப் புதைத்து, மேலே ஒரு கல்லை நட்டு, தகரக் கொட்டகை போட்டார்கள். அந்த ஆத்தா ஆடி மாதம் சென்னம்மாவின் மேல் இறங்குவாள். சென்னம்மா முனிவேலின் அக்கா. புருஷன் செத்து, பிள்ளையும் இல்லாமல், கார்மெண்ட்ஸ் ஒன்றில் சட்டைக் காலர் தைத்துக்கொண்டிருந்தவள். வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் முதலில் வரும். ஆனால் பம்பை முழங்கி அவள் தலைமுடி அவிழ்ந்துவிட்டால், அவளை வாடி போடி என்கிற மாமியார்கள்கூட மண்ணில் விழுந்து கும்பிடுவார்கள். ஆத்தா பெரிதாக ஒன்றும் சொல்லிவிடமாட்டாள். “பயப்படாத, இந்த வருசம் கம்பெனியில ஆளக் கொறைக்கமாட்டான்” என்பாள். “பொண்டாட்டிய அடிச்சீன்னா கை வெளங்காது” என்பாள். அந்தத் தெருவுக்கு அது போதுமாக இருந்தது.

சுரேந்தரை அவர்களுக்கு மூன்று வருடங்களுக்கு முன்பே தெரியும். அப்போது வேறு கட்சியில் இருந்தார், ஏரியைக் காப்பாற்றக் கிளம்பியிருந்தார். ஜேசிபியோடு வந்து, ஆக்கிரமிப்பு என்று சொல்லி, கொட்டகையின் ஒரு பக்கத் தகரத்தைப் பிய்த்துப் போட்டார். சென்னம்மா வண்டிக்கு முன்னால் படுத்துக்கொண்டதால்தான் கல் தப்பியது. இப்போது கட்சி மாறியிருந்தார், நெற்றியும் மாறியிருந்தது. புருவத்துக்கு நடுவே ஒரு ரூபாய் அகலத்துக்குக் குங்குமம். அப்போது ஆக்கிரமிப்பு, இப்போது ஆத்தா. சட்டசபைத் தேர்தலுக்கு சீட் கேட்டிருந்தார். கேட்டவர் கையில் கோயில் ஒன்று இருந்தால் நல்லது என்று மேலிடத்தில் சொல்லியிருந்தார்கள்.

கட்டப்போகும் கோயிலின் படத்தைப் பெரிய பேனராக அடித்துக் கொண்டுவந்து கட்டினார். ஐந்து நிலைக் கோபுரம், சுற்றுப் பிரகாரம், கல்யாண மண்டபம், கார் நிறுத்த இடம். எல்லாம் இருந்தன. நாற்பத்திரண்டு வீடுகள் மட்டும் அந்தப் படத்தில் இல்லை. வீடு இருந்த இடத்தில் பச்சைப் புல் வரைந்திருந்தார்கள். வீட்டுக்காரர்களுக்கு இருபது கிலோமீட்டர் தள்ளி, பஸ் எட்டிப் பார்க்காத ஒரு கரட்டில் இடம் தருவதாகச் சொன்னார். அங்கே போனால் காலை ஆறு மணி ஷிப்டுக்கு யாராலும் வரமுடியாது. வீடு போனால் வேலை போகும், வேலை போனால் மறுபடி அடுத்தவன் காடு. சனம் முடியாது என்றது.

ஆடி முதல் வெள்ளி, சுரேந்தரின் மனைவி சுஜாதா காரில் வந்து இறங்கினார். தீபாராதனை காட்டும்போது அவருக்குச் சாமி வந்துவிட்டது. பட்டுச்சேலையின் மடிப்புக் கலையாமல் ஆடினார்.

“மூச்சு முட்டுதுடா. என்னைச் சுத்தி அடைச்சிக்கிட்டு நிக்கிறீங்க. எனக்கு எடம் விடுங்க. விடலன்னா உங்க பிள்ளைங்களுக்கு ஆகாது.”

அடுத்த நாள் தெருவில் இரண்டு குழந்தைகளுக்குக் காய்ச்சல். ஆடிக் காற்றில் எந்தத் தெருவில்தான் குழந்தைக்குக் காய்ச்சல் வராது? ஆனால் பெற்றவளின் வயிற்றில் பயம் புகுந்த பிறகு அதையெல்லாம் யார் கேட்பார்கள்? “ஒருவேளை நெசமா இருந்தா?” என்று ஒருத்தி கேட்டாள். மறுநாள் பத்துப் பேர் கேட்டார்கள்.

சென்னம்மா மட்டும் காறித் துப்பினாள். “அவ மேல வந்தது ஆத்தா இல்லடி. அவ புருஷன்.”

இந்தச் சண்டை முற்றித்தான் கூட்டம் கூடியது. கூட்டத்தில்தான் முனிவேல் எழுந்து அந்த வார்த்தையைச் சொன்னான். சுரேந்தரின் ஆள் அதை அங்கேயே எழுதினான். ‘பம்பை வாத்தியார் ஆஞ்சப்பன் எதைச் சாமி என்று உறுதி சொல்கிறாரோ அதன் வாக்குக்குக் கட்டுப்பட்டு நடக்கச் சம்மதம்.’ நாற்பத்திரண்டு கையெழுத்தில் முதல் கையெழுத்து முனிவேலுடையது. அழகாக, முழுப்பெயரும் எழுதிப் போட்டான்.

ஆஞ்சப்பன் யார் என்று சொல்லாவிட்டால் இவன் ஏன் இப்படிச் செய்தான் என்று புரியாது. எங்கள் பக்கத்தில் சாமியை வரவழைப்பது பூசாரி இல்லை, பம்பைக்காரர். இடுப்பில் இரட்டைப் பம்பையைக் கட்டிக்கொண்டு, குச்சியால் அடித்தபடி ஆத்தாளை வர்ணித்துப் பாடுவார். சாமி இறங்கும். இறங்கியது சாமிதானா என்று சோதிப்பதும் அவர்தான். எலுமிச்சம்பழத்தை அவர் மட்டும் அறிய ஒளித்துவைத்து, எடுத்து வா என்பார். கையில் கற்பூரம் ஏற்றிச் சத்தியம் கேட்பார். கடைசியில் வேறொரு அடி அடித்துச் சாமியை அனுப்பிவைப்பார். அதை மலையேற்றுவது என்பார்கள். அழைக்கிற அடி வேறு, மலையேற்றுகிற அடி வேறு.

முனிவேலுக்குப் பன்னிரண்டு வயதில், சிங்காரப்பேட்டைப் பக்கம் ஒரு திருவிழாவில், நிலக்காரர் வீட்டுத் தம்பி ஒருவன் சாமி வந்து சாட்டையோடு ஆடினான். கூலிக்காரர்களை வரிசையாக நிற்கவைத்து முதுகில் வீசினான். சாமி அடி என்று எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். முனிவேலின் அப்பாவும் வாங்கினார். திடீரென்று பம்பை நின்றது. ஆஞ்சப்பன் குச்சியைக் கீழே போட்டுவிட்டு, “இது ஆத்தா இல்ல. பிராந்தி” என்றார். அவ்வளவுதான். அன்று அவருடைய பம்பையைக் கிழித்தார்கள், முன்பல் இரண்டைப் பெயர்த்தார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை, வீங்கின வாயோடு, புதுத் தோல் போட்ட பம்பையோடு பக்கத்து ஊரில் நின்று அதே ஆத்தாளைப் பாடினார்.

அன்றைக்குப் பிடித்த பித்துத்தான். முனிவேல் கம்பெனியில் சிஎன்சி மெஷின் ஓட்டினான். மற்றவர்கள் மெஷின் மேல் சாமி படம் ஒட்டினால் இவன் ஆஞ்சப்பன் படத்தை ஒட்டினான். பஸ்ஸில் போகும்போது காதில் அவர் பம்பை, வரும்போதும் அவர் பம்பை. யூடியூபில் இருந்த ஒவ்வொரு பதிவையும் நூறு தடவைக்கு மேல் கேட்டிருந்தான். எந்தத் திருவிழாவில் எந்த இடத்தில் குச்சி நழுவியது என்பதுகூட அவனுக்குத் தெரியும். அக்காவுக்கும் ஓயாமல் ஓதியிருந்தான். “அந்த மனுசன் சாமி பொய்யின்னா பொய்யிதான்க்கா. சாமியே வந்து இல்லன்னாலும் நான் நம்பமாட்டேன்.”

வெற்றிலை பாக்கு, பழம், வேட்டியோடு சிங்காரப்பேட்டைக்குப் போய் அழைத்தான். ஆஞ்சப்பனின் வீட்டு வாசலில் ‘பம்பைச் சக்கரவர்த்தி’ என்று போர்டு தொங்கியது. பெயர்ந்த பற்களின் இடத்தில் தங்கம் கட்டியிருந்தார். தலைக்கு நல்ல கறுப்பாக மை. இவனைப் பாயில் உட்காரவைத்துச் சாப்பாடு போடச் சொன்னார். வாத்தியார் வீட்டில் தன்னை உட்காரவைத்துச் சோறு போடுகிறாரே என்று இவனுக்குக் கண்ணில் தண்ணீர் நின்றது. நடந்ததையெல்லாம் சொன்னான். நாற்பத்திரண்டு வீட்டின் கதையும் சொன்னான்.

“அந்தம்மா வூட்டுக்காரர் யாருன்ன?” என்று கேட்டார் ஆஞ்சப்பன்.

“சுரேந்தருங்க. அடுத்த எம்மெல்லேன்னு சொல்லிக்கினு திரியறாரு.”

“ம். வரேன்.”

“வாத்தியாரே, அவங்க பெரிய ஆளுங்க. மெரட்டுவாங்க.”

ஆஞ்சப்பன் தங்கப் பல் தெரியச் சிரித்தார். “பல்ல ஒடைச்சப்பவே மாறாதவன் நானு. சாமி முன்னால எனக்கு எஜமானும் இல்ல, எம்மெல்லேவும் இல்ல. நீ தைரியமா போ சாமி.”

முனிவேல் அவர் காலில் விழுந்து எழுந்தான். ஓசூர் பஸ்ஸில் மூன்று மணி நேரமும் நின்றுகொண்டே வந்தான். உட்காரத் தோன்றவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

ஞாயிற்றுக்கிழமை முற்பகலில் சோதனை வைத்தார்கள். தெரு முழுக்கப் பேனர். ஒரு பக்கம் ஆத்தா, ஒரு பக்கம் சுரேந்தர், கீழ் மூலையில் பம்பையோடு ஆஞ்சப்பன். வாத்தியாருக்கு இவ்வளவு மரியாதை செய்திருக்கிறார்களே என்று முனிவேல் அந்த மூலையைத் தன் போனில் படம் எடுத்துக்கொண்டான். பேனரில் போட ஆஞ்சப்பனின் படம் எப்படிச் சுரேந்தரின் கைக்குப் போனது என்று கேட்கத் தோன்றவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

முதலில் சுஜாதா. ஆஞ்சப்பன் தனியாகப் போய் எலுமிச்சம்பழத்தை ஒளித்துவிட்டு வந்தார். பம்பையைக் கட்டினார், கூட வந்தவன் கைச்சிலம்பைக் குலுக்கினான். குச்சி விழுந்ததும் முனிவேலுக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருடத்தில் இவ்வளவு அருகில் நின்று கேட்டதில்லை. சுஜாதா ஆடினார். “பழத்த எடுத்துக்கினு வா தாயே” என்றார் ஆஞ்சப்பன். சுஜாதா ஏரிப்பக்கம் நடந்தார். பம்பையின் அடி தளர்ந்தது. திரும்பினார். பம்பை இறுகியது. நான்கு வீடு தாண்டினார், இன்னும் இறுகியது. ஐந்தாவது வீட்டையும் தாண்டிப் போகப் பார்த்தார். சட்டென்று தளர்ந்தது. நின்றார். பின்னால் வந்தார். பம்பை பொரிந்து தள்ளியது. ஐந்தாவது வீடான மாதேஷ் வீட்டு வாசலில் கவிழ்த்திருந்த அன்னக்கூடையைத் தூக்கினார். பழம் இருந்தது.

பெண்கள் குலவை போட்டார்கள். முனிவேல் மட்டும் ஆஞ்சப்பனின் குச்சியையே பார்த்தான். தற்செயலாக இருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். கை தன்னால் இறுகியிருக்கும், வயசாகிவிட்டதல்லவா என்று வாத்தியாருக்காக அவனே வக்காலத்து வாங்கினான்.

கற்பூரத்துக்கு ஆஞ்சப்பன் இரண்டு வெற்றிலையைத் தண்ணீரில் நனைத்து சுஜாதாவின் கையில் வைத்தார். வெற்றிலை மேல் விபூதியைக் குவித்து, அதன் மேல் கற்பூரம். பற்றவைத்து, மூன்று எண்ணுவதற்குள் தானே தட்டிவிட்டார். “போதும் தாயே, குளுந்து போ.” சுரேந்தர் நெடுஞ்சாண்கிடையாக மனைவியின் காலில் விழுந்தார். இரண்டு போன்கள் அதைப் படம் பிடித்தன. ஒரு போனில் வெளிச்சம் சரியில்லை என்று மறுபடியும் விழுந்தார்.

அடுத்தது சென்னம்மா. ஈரச் சேலையோடு வந்து நின்றாள். முனிவேலைப் பார்த்து, பயப்படாதே என்பதுபோல் தலையசைத்தாள். ஆஞ்சப்பன் பாட ஆரம்பித்தார். அந்தக் குரலுக்கு என்ன குறை? மயானத்தில் ஆடுகிறவளே, சாம்பல் பூசியவளே என்று அவர் அழைத்தால் கல்லும் எழுந்து வரும். மூன்றாம் வரியில் சென்னம்மாவின் கழுத்து விறைத்தது. கொண்டை அவிழ்ந்தது. முனிவேல் கும்பிட்டான்.

உடனே அவள் தோள் தொய்ந்தது. கண் தெளிந்தது. மறுபடி பாட்டு ஏறியது, மறுபடி கழுத்து விறைத்தது, மறுபடி தொய்ந்தது. ஆத்தா வாசல் வரை வந்து வந்து திரும்பிப் போனாள்.

முனிவேலுக்கு அப்போது கேட்டது. வாயில் அழைக்கிற பாட்டு. வலது குச்சியில் அழைக்கிற அடி. அதற்கடியில், இடது குச்சியில், மெல்ல, பாட்டின் மூச்சு விடுகிற இடமாகப் பார்த்து, மலையேற்றுகிற அடி. வா வா என்று பாடிக்கொண்டே போ போ என்று அடித்துக்கொண்டிருந்தார். ஆயிரம் தடவை கேட்ட காதுக்கு அது தப்புமா? அவன் தெய்வமாக வைத்திருந்த கை அவனுடைய அக்காவைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. தள்ளுகிற கையில் ஒரு சின்ன நடுக்கம்கூட இல்லை.

“நிறுத்துங்க! மலையேத்துறாரு! அவரு மலையேத்துறாரு!” என்று கத்தினான். பம்பைச் சத்தத்தில் பக்கத்தில் நின்றவனுக்குத்தான் கேட்டது. அவன் இவனை வெறித்துப் பார்த்தான். “நீதானப்பா கூட்டியாந்த?” சுரேந்தரின் ஆட்கள் இரண்டு பேர் வந்து முனிவேலின் இரண்டு கையையும் அன்பாகப் பிடித்துக்கொண்டார்கள்.

சென்னம்மா சனத்தைப் பார்த்தாள். நாற்பத்திரண்டு வீட்டுக்காரர்களும் அவள் ஆடுவதற்காகக் காத்திருந்தார்கள். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு, வாயைப் பிளந்துகொண்டு காத்திருந்தார்கள். அவளுக்குள் ஆத்தா இல்லை. ஆனால் வீடு போய்விடும். அந்தத் தெருவுக்காக, இருபது வருடத்தில் முதல் தடவையாக, அவள் நடித்தாள். தலையை உலுக்கினாள், கையை விரித்தாள், ஏய் என்று கத்தினாள். முனிவேலால் பார்க்க முடியவில்லை. பொய் சொல்லத் தெரியாதவள் பொய் சொன்னால் எப்படி இருக்கும், அப்படி இருந்தது.

ஆஞ்சப்பன் அதற்குத்தான் காத்திருந்தார். “கைய நீட்டு.” வெற்றிலை இல்லை, விபூதி இல்லை. வெறும் உள்ளங்கையில் நான்கு கட்டிக் கற்பூரத்தை வைத்துப் பற்றவைத்தார். அவள் பிடித்துக்கொண்டு நின்றாள். ஆஞ்சப்பன் எண்ணவில்லை, தட்டிவிடவும் இல்லை. தோல் கருகுகிற வாசனை முன்வரிசைக்கு வந்தது. கடைசியில் அவள் “அம்மாடி!” என்று அலறிக் கையை உதறினாள். அது ஆத்தாளின் குரல் இல்லை. காலர் தைக்கிற சென்னம்மாவின் குரல்.

ஆஞ்சப்பன் அவள் மணிக்கட்டைப் பிடித்து, கொப்பளித்த கையைச் சனத்துக்குத் தூக்கிக் காட்டினார். “ஆத்தா எறங்கின கை வேகாது. இது சாமி இல்ல. வேஷம்.”

அவர் சொன்னது அந்த நேரத்துக்கு உண்மை. அதுதான் அதிலிருந்த கொடுமை.

மாதேஷின் மனைவிதான் முதலில் மண்ணை வாரி வீசினாள். “எத்தினி வருசமா ஏமாத்துனடி எங்கள! ஒன் கால்ல விழுந்தனேடி, பாவி!” பிறகு எல்லோரும் வீசினார்கள். அவளிடம் வாக்குக் கேட்டுக் கல்யாணம் முடித்தவர்கள், அவள் விபூதியைக் குழந்தை நெற்றியில் பூசியவர்கள், எல்லோரும். சுரேந்தர்தான் பெரிய மனது பண்ணித் தடுத்தார். “பாவம்ப்பா, உடுங்க. ஆத்தா மன்னிப்பா.” பிறகு மைக்கைப் பிடித்து, பம்பைச் சக்கரவர்த்தி அவர்கள் கட்சியின் கலைப் பிரிவுக்கு மாவட்டத் தலைவராக நியமிக்கப்பட்டிருக்கிறார் என்று அறிவித்து, அவருக்குச் சால்வை போர்த்தினார். தலைவர் குனிந்து வாங்கிக்கொண்டார்.

முனிவேல் காரருகே போய் அவரைப் பிடித்தான். சுற்றி யாருமில்லை. துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

“எடது கையில மலையேத்துற அடி அடிச்சீங்க வாத்தியாரே.”

ஆஞ்சப்பன் துடைப்பதை நிறுத்தினார். பயப்படுவார், மழுப்புவார், அடிக்க வருவார் என்று முனிவேல் நினைத்தான். அவர் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது.

“ஒனக்குக் கேட்டுதா?”

முனிவேல் அவருடைய இடது கையைப் பார்த்தான்.

“எப்பிடிக் கேட்டுது? எங்கூட முப்பது வருசமா கைச்செலம்பு குலுக்கறானே, அவனுக்கே கேக்கல! பாட்டு ஒரு பக்கம், வலது ஒரு பக்கம், எடது ஒரு பக்கம். எவனால ஆவும் சொல்லு? நான் எங்க எங்க சொருவினேன்னு சொல்லு பாப்போம்.”

“எங்கக்கா கை வெந்து போச்சிங்க.”

“சாம்பல் பூசியவளேன்னு நீட்டனேன் பாரு, அங்க கேட்டுதா?”

“நாப்பத்திரண்டு வூடுங்க வாத்தியாரே. எங்கப்பன் முதுவுல சாட்டை விழுந்தப்ப நீங்கதானே நிறுத்தினீங்க. பல்லு போச்சே உங்களுக்கு.”

ஆஞ்சப்பன் பெருமூச்சு விட்டார். “போச்சு. பல்லு போனப்ப எவன்டா வந்தான்? உங்கப்பன் வந்தானா? அடி வாங்கினவன் ஒருத்தனாச்சும் எனக்கு ஒரு சொம்பு தண்ணி கொண்டாந்தானா? அடுத்த வருசம் அதே நெலக்காரன் காலுல போயி விழுந்தீங்க எல்லாரும்.” காரில் ஏறி உட்கார்ந்து கண்ணாடியை இறக்கினார். “ஒனக்கு நல்ல காதுடா. வீணாக்காத. எங்கூட வா, கத்துத் தரேன்.”

இவனுக்கு அவர் முகத்தில் காறித் துப்பவேண்டும் போலிருந்தது. வாயில் எச்சில் இல்லை. கார் போய்விட்டது. வெட்கக்கேட்டைச் சொல்கிறேன், அவர் கேட்ட அந்த இடம் அவன் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. சாம்பல் பூசியவளே. ஆமாம், அங்கேதான் முதலில் சொருகினார்.

பத்தே நாளில் தெரு காலியானது. ஜேசிபிக்கு வேலையே இல்லை. சாமி குற்றம் ஆகிவிடும் என்று சனமே கதவையும் ஜன்னலையும் கழற்றி, ஓட்டைப் பிரித்து, லாரியில் ஏற்றியது. அழுதுகொண்டே ஆத்தாளைக் கும்பிட்டுக்கொண்டு இடித்தார்கள். முனிவேல் வீடு வீடாகப் போய் உண்மையைச் சொன்னான். எல்லோரும் அவனுடைய கையெழுத்தைச் சொல்லிக் காட்டினார்கள்.

சென்னம்மாவிடமும் சொன்னான். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கார்மெண்ட்ஸில், துணி தள்ள ஆகாத கைக்கு வேலை இல்லை என்று சொல்லிவிட்டார்கள்.

“அக்கா, ஒன் மேல வந்தது ஆத்தாதான். அந்த ஆளுதான் தொரத்தினான். என் காதால கேட்டேன்.”

“நான் நடிச்சேன்டா.”

“அது கடைசியிலக்கா. தெருவுக்கோசரம் நடிச்ச.”

“நடிச்சேன், அவரு கண்டுபிடிச்சிட்டாரு.” அவள் நிதானமாகப் பேசினாள். ஒரு கெட்ட வார்த்தைகூட வரவில்லை. “நடிச்சா எப்பிடி இருக்கும்னு அன்னிக்குத்தான் தெரிஞ்சிது. அதுக்கு முந்தி வந்ததும் அப்பிடித்தானோ என்னமோ. எனக்கே தெரியாம நடிச்சனோ என்னமோ. அந்த மனுசன் பொய்யின்னா பொய்யிதான், நீதானேடா சொல்லுவ.”

அவன் சுவரில் தலையை முட்டிக்கொண்டான். அவள் தடுக்கவில்லை.

ஆவணியில் பூமி பூஜை. இடித்த வீடுகளின் மேல் மண்ணைக் கொட்டிச் சமன் செய்து, பந்தல் போட்டிருந்தார்கள். மேடையில் சுரேந்தர், சுஜாதா, மேலிடத்திலிருந்து வந்த இரண்டு பேர். கரட்டிலிருந்து லாரி வைத்துச் சனத்தைக் கூட்டிவந்திருந்தார்கள். சென்னம்மாவும் வந்தாள். சுஜாதாவின் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்கவேண்டும் என்று பிடிவாதமாக வந்தாள். முனிவேல் துணைக்கு வந்தான்.

அவள் விழுந்தாள். சுஜாதா குனிந்து அவள் நெற்றியில் விபூதி பூசினார். போன்கள் படம் பிடித்தன. பிறகு ஆஞ்சப்பன் பம்பையைக் கட்டிக்கொண்டு பாட ஆரம்பித்தார். இந்தத் தடவை இரண்டு கையிலும் அழைக்கிற அடிதான். கலப்படமில்லாத, சுத்தமான அடி. அப்படி ஒரு அடியை முனிவேல் எந்தப் பதிவிலும் கேட்டதில்லை.

மூன்றாம் வரியில் சென்னம்மாவின் கழுத்து விறைத்தது. உடம்பு உலுக்கியது. கொண்டை அவிழ்ந்து விழுந்தது.

“அக்கா, வந்துட்டா! ஆத்தா வந்துட்டாக்கா!” என்று முனிவேல் அவள் தோளைப் பிடித்தான்.

அவள் பந்தல் காலை இரண்டு கையாலும் கட்டிப் பிடித்துக்கொண்டாள். பல்லைக் கடித்தாள். உதடு கிழிந்து ரத்தம் வந்தது. உள்ளேயிருந்து ஏறி ஏறி வந்ததை அவள் முழுங்கி முழுங்கி அடக்கினாள். கண்ணில் நீர் கொட்டியது. ஒரு கையை எடுத்து, வெந்து ஆறாத அந்தக் கையால், தன் கன்னத்திலேயே ஓங்கி ஓங்கி அறைந்துகொண்டாள்.

“நடிக்காதடி தேவடியா. நடிக்காத. சாமி பாக்குது.”